மடத்துக்குச் சாந்து பூச முதல்

மாமாங்கத்துக்கும் திருக்கோவிலுக்கும் தீர்த்தம் ஆடி அமாவாசையில். கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை என்று கரையோரமாக இறங்குவது அதற்கு முந்திய வாரங்களில். அதனால் கிழக்கிலங்கையின் இந்தப் பக்கத்தில் அடியார்கள் தங்கிச் செல்லும் மடத்தைத் திருத்துகிற வேலை பெரும்பாலும் சித்திரை வருடப்பிறப்புக் கழிந்த பிறகுதான் தொடங்கும். ஆறு கிழமைக்குள் முடிய வேண்டும் என்று மேசன்மாருக்குச் சொல்லப்படும். பழைய சுண்ணாம்புச் சாந்தை உடைத்துக் கொட்டி, சீமெந்து பூசி, திண்ணைக்கு மாபிள் பதித்து, எமல்ஷன் அடித்துத் திறந்து விடுவார்கள். இரண்டு மாரி போனதும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவர் பொருமிக் கொட்டத் தொடங்கும். இதில் மேசனைக் குறை சொல்ல முடியாது. வேலை எடுத்த காலமும் பிழை, வேலையின் வரிசையும் பிழை.

சரியான வரிசை மாரியில் தொடங்குகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் கூரை எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தச் சுவரை நோக்கி ஓடுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். தையில் அளந்து வரைந்து, காணிக் காகிதங்களைத் தேடுங்கள். கூரையை மாசியில் பாருங்கள். சாந்து வேலை மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனியோடு முடியட்டும். வைகாசியில் வறண்ட கச்சான் காற்று எழும்பினால் சுண்ணாம்புச் சாந்து இறுகும் முன் காய்ந்து தூளாகிவிடும். சுண்ணாம்பை மட்டும் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், ஐப்பசியிலேயே தண்ணீரில் போட்டு நீற்றி வைத்துவிட வேண்டும்.

எத்தனை பேருக்குக் கட்டிய மடம்

கட்டிடத்தின் வயதைத் தேடுமுன் அதன் கொள்ளளவைத் தேடுங்கள். தர்மத்துக்குக் கட்டிய எந்தக் கட்டிடமும் ஒரு எண்ணிக்கையை மனதில் வைத்துத்தான் கட்டப்படுகிறது. அந்த எண்ணிக்கை சுவரில் தெரியும்.

இங்கிலாந்துக் கிராமங்களில் ஆம்ஸ்ஹவுஸ் என்ற தர்ம வீடுகளைப் படிக்கிறவர்கள் இதை நன்றாகச் செய்கிறார்கள். அவை நமது மடம் போல ஓரிரவு தங்கும் இடமல்ல. ஊரின் முதிய ஏழைகள் சாகும்வரை வாழும் வீடுகள். மிகப் பழையவை ஆஸ்பத்திரி வார்ட் போல ஒரே பெரிய மண்டபம். அதன் கிழக்கு முனையில் தேவாலயம். படுத்த இடத்திலிருந்தே பூசையைப் பார்க்கலாம். சிச்செஸ்டர் நகரில் 1290கள் அளவில் கட்டிய புனித மரியாள் ஆஸ்பத்திரி இந்த அமைப்பில் இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் அந்த மண்டபத்துக்குள்ளேயே இருபுறமும் சின்னச் சின்ன வீடுகளைப் பிரித்துப் புகைபோக்கியும் வைத்தார்கள். பிறகு வந்தவை ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு அடுப்பு என்று வரிசையாகவோ முற்றத்தைச் சுற்றியோ கட்டப்பட்டன. சிப்பிங் கேம்ப்டன் என்ற சிறு பட்டணத்தில் 1612இல் கட்டிய வரிசையில் பன்னிரண்டு பேர்: ஆறு ஆண், ஆறு பெண். ஒக்ஸ்போர்ட்ஷையரில் யூவெல்ம் கிராமத்தில் 1437இல் நிறுவியதில் பதின்மூன்று ஏழை ஆண்களும் இரண்டு குருமாரும். நிறுவியவர்களின் ஆத்மாவுக்காகத் தினமும் செபிப்பது அங்கே தங்குகிறவர்களின் கடமை. அதனால்தான் அந்த வீடு கோவில் வாசலோடு ஒட்டி நிற்கிறது. இந்த வகைக் கட்டிடங்களில் வாசலையும் புகைபோக்கியையும் எண்ணினாலே எத்தனை பேருக்கு என்ற கணக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

நமது மடத்தில் எண்ண வேண்டியவை வேறு. திண்ணையும் விறாந்தையும்தான் படுக்கை. ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க ஆறடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும். ஆறடி அகலத் திண்ணை அறுபது அடி ஓடினால் முப்பது பேர். திண்ணை மூன்றடி அகலம்தான் என்றால் அது படுக்கக் கட்டியதல்ல, இருக்கக் கட்டியது. அங்கே படுக்கை உள் மண்டபத்தில் இருந்திருக்கும். அடுப்படியில் புகைக் கறை எவ்வளவு நீளத்துக்குப் படிந்திருக்கிறது, அடுப்புக் கல் புதைந்த குழிகள் எத்தனை என்று பாருங்கள். ஒரு குழி, ஒரு பெரிய கிடாரம். கிணற்றின் விட்டத்தையும் துலா நின்ற இடத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். பழைய அடுப்படிச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தால் இந்தக் கணக்கு முழுவதும் போய்விடும். அந்தச் சுவரை அளந்து படம் எடுக்கும்வரை ஒருவரும் தொடக் கூடாது.

அளப்பது

இரண்டு பேர், 30 மீற்றர் நாடா ஒன்று, 5 மீற்றர் இரும்பு நாடா ஒன்று, தூக்குக்குண்டு, பத்து மீற்றர் தெளிந்த பிளாஸ்டிக் குழாய், தடித்த அட்டையில் கட்டிய தாள், பென்சில். இவ்வளவும் இருந்தால் இரண்டு நாளில் ஒரு சாதாரண மடத்தை அளந்து விடலாம்.

முதலில் கையால் ஒரு பெரிய கோட்டுப்படம் போடுங்கள். அளவு எழுத இடம் வேண்டும். அதனால் ஒரு அறைக்கு ஒரு தாள். சுவர் நீளத்தை அளக்கும்போது மூலையில் நாடாவின் பூச்சியத்தை வைத்து, நாடாவை எடுக்காமலே கதவு தொடங்கும் இடம், முடியும் இடம், யன்னல், அடுத்த மூலை என்று தொடர்ச்சியாக வாசியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு தடவையும் வரும் சிறு பிழைகள் சேர்ந்து கடைசியில் இரண்டு மூன்று அங்குலமாகிவிடும்.

பழைய அறை எதிலும் மூலைகள் சரியான செங்கோணமல்ல. ஆகவே ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பதினாறு அடி அறையில் இரண்டும் இருபது அடி வந்தால் மூலைகள் செங்கோணம். ஒன்று 20 அடி 4 அங்குலம், மற்றது 19 அடி 8 அங்குலம் என்று வந்தால் அறை கோணியிருக்கிறது. வரையும்போது அப்படியே கோணலாக வரையுங்கள். கோணல் பெரும்பாலும் இரண்டு காலத்துக் கட்டு வேலை சந்திக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழ் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, எல்லா அறைகளிலும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து தரைக்கும் வெளி நிலத்துக்கும் உள்ள தூரத்தை எழுதுங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிறகு கண்டுபிடிக்க இந்த ஒரு அளவுதான் உதவும். வெளி நிலம் உள் தரையை விட உயர்ந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

திட்டப் படத்தை 1:50 அளவில் வரையலாம். கதவு நிலை, தூண் தலை, போதிகை போன்றவற்றை 1:10இல். படம் எடுக்கும்போது ஒரு அடிமட்டத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடியுங்கள்.

வெடிப்புக்களுக்கு இருபுறமும் ஒரு சிறு ஆணி அடித்து, இடைத் தூரத்தை மாதம் ஒரு தடவை அளந்து திகதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்தில் மாறவில்லை என்றால் அது பழைய வெடிப்பு, சாந்தால் அடைக்கலாம். விரிந்துகொண்டு போனால், அல்லது தூக்குக்குண்டு சுவர் வெளியே சாய்வதைக் காட்டினால், வேலையை நிறுத்திப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

வயதைச் சொல்லும் சின்னங்கள்

கல்வெட்டு இருந்தால் அதைத் தேய்க்கவோ சோக்கால் நிரப்பவோ வேண்டாம். இருட்டிய பிறகு டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் நிழல் விழும். அப்போது நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள்.

ஆண்டை வாசிப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ௲௮௱௯௰௯ என்று இருந்தால் அது 1899. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. சகாப்தம் என்றிருந்தால் 78ஐக் கூட்டுங்கள். கலியுகம் என்றிருந்தால் 3101ஐக் கழியுங்கள்: கலி 5000 என்பது 1899. விகாரி, விளம்பி என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது வருடத்துக்கொரு தடவை திரும்பி வரும். விகாரி 1899இலும் 1959இலும் 2019இலும் பிறந்தது. பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. எழுத்தின் அமைப்பு, சொல்லப்பட்ட ஆட்கள், உறுதியில் உள்ள திகதி ஆகியவை ஒத்து வர வேண்டும்.

கூரை ஓடொன்றைத் திருப்பிப் பாருங்கள். தட்டையான கள்ளிக்கோட்டை வகை ஓட்டின் அடியில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் இந்த ஓட்டுத் தொழிலைத் தொடங்கியது 1865இல். அந்தப் பெயர் உள்ள ஓடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆகவே அந்தப் பெயர் உள்ள ஓடு இன்னும் பிந்தியது. ஆனால் ஓட்டின் வயது கூரையின் வயதுதான், சுவரின் வயதல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனையோ கூரைகளைப் பிய்த்தெறிந்தது. பிறகு கிடைத்த ஓட்டைப் பொறுக்கி வேய்ந்தவர்களும் உண்டு, சீற் போட்டவர்களும் உண்டு. ஒரே கூரையில் மூன்று தொழிற்சாலைப் பெயர் இருந்தால் அது அப்படித் திரும்ப வேய்ந்த கூரையாக இருக்கக் கூடும்.

காகிதங்கள்

யூவெல்ம் வீட்டில் இன்றும் ஆட்கள் வாழ்கிறார்கள். கட்டு வேலை நல்லது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், தொடக்க காலத்திலேயே வேறு ஊர்களில் இருந்த மூன்று பண்ணை நிலங்களின் வருமானத்தை அதற்கு எழுதி வைத்தது. தங்குகிறவர்களின் படியும் கட்டிடத்தின் பழுதும் அந்த நிலத்திலிருந்தே வந்தன. நமது மடங்களுக்கும் நிலக்காரரான போடிமாரும் குடிமக்களும் வயல், தென்னந்தோட்டம் எழுதி வைத்த இடங்கள் உண்டு. மடம் இடிந்து கிடக்கும் பல இடங்களில் முதலில் கைவிட்டுப் போனது கூரையல்ல, அந்த வயல்தான். சுவரைத் திருத்துவதற்குச் செலவழிக்கும் கவனத்தில் கால்வாசியை இதற்குச் செலவழித்தால் அடுத்த தலைமுறை காசு சேர்க்க வீடு வீடாக ஏற வேண்டி வராது.

கோவில் பொறுப்பாளரான வண்ணக்கர்மாரிடமும் பழைய பரிபாலன சபைக் குடும்பங்களிடமும் உள்ள உறுதி, தருமசாதனம், கணக்குக் கொப்பி எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். உறுதியின் இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி மூன்றும் இருந்தால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டுத் தாளைத் தேடலாம். பழைய உறுதியில் வயலின் பரப்பு அவணம், மரைக்கால் என்று விதைப்புக் கணக்கில் இருக்கும். அதை உடனே ஏக்கராக மாற்றி எழுத வேண்டாம். சொல்லை அப்படியே படி எடுத்து, நான்கெல்லையையும் எழுதி, வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையோடு வயலில் நின்று எல்லையைப் பாருங்கள். தர்மச் சொத்துக்குரிய சட்டம் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். கட்டிடம் தொல்பொருள் பாதுகாப்புக்குள் வருமென்று சந்தேகம் இருந்தால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி முன் அனுமதி தேவைப்படும். உடைத்த பிறகு கேட்கிற காரியமல்ல இது.

ஈரம்

சுவரின் அடியில் பொருமல் ஒரு பட்டி போல ஓடுகிறதா? அப்படியானால் நிலத்து ஈரம். மேலிருந்து கீழே நீண்ட கறையானால் கூரை அல்லது பீலி. யன்னலைச் சுற்றி மட்டும் என்றால் மழைச் சாரல்.

நிலத்து ஈரத்துக்கு முக்கால்வாசி மருந்து மண்வெட்டியில் இருக்கிறது. வருடக் கணக்காக வீதிக்கு மண் போட்டுப் போட்டு வெளி நிலம் உயர்ந்திருக்கும். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளி நிலம் உள் தரையை விட ஆறு அங்குலம் தாழும் வரை வெட்டி இறக்குங்கள். அத்திவாரக் கட்டுத் தெரியத் தொடங்கினால் நிறுத்துங்கள். நாற்பது அடிக்கு ஒரு அடி சாய்வில் தண்ணீர் வெளியே ஓட வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட கொங்கிறீட் நடைபாதை இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சரளை நிரப்புங்கள். கொங்கிறீட்டுக்கு அடியில் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்தான் ஏறும். சீமெந்துப் பூச்சும் இதே வேலையைச் செய்கிறது: இரண்டடியில் காய்ந்து போயிருக்க வேண்டிய ஈரத்தை நாலடிக்கு ஏற்றிவிடும்.

சீமெந்தை எடுக்கும்போது சிறிய உளி, இலேசான சுத்தியல். செங்கல்லின் முகம் சேர்ந்து பெயர்ந்து வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒட்டிய சீமெந்தை விடக் கல் முக்கியம். எடுத்த பிறகு சுவரைக் குறைந்தது ஒரு வெயில் காலம் வெறுமனே விட வேண்டும். திருவிழாவுக்கு அழகில்லை என்று சபையில் சொல்வார்கள். ஒரு வருடம் வெள்ளைத் துணி கட்டி மறைத்துச் சமாளியுங்கள்; அந்தச் சுவருக்குச் சாந்து அடுத்த மாசி, பங்குனியில்.

உப்பு வேறு பிரச்சினை. கடற்காற்றும் வாவித் தண்ணீரும் போதாதென்று, 2004 டிசம்பர் 26 கடல் புகுந்த கட்டிடங்களின் சுவருக்குள் உப்பு இன்னும் இருக்கும். காய்ந்த நாளில் வெள்ளையாகப் பூத்து நிற்பதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த தும்புத் தூரிகையால் தட்டி, கீழே விரித்த சாக்கில் சேர்த்து, வளவுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஆழமான உப்புக்கு, கடதாசிக் கூழையோ களிமண்ணையோ மழைத் தண்ணீரில் குழைத்து ஒரு அங்குலக் கனத்தில் சுவரில் அப்பி, தானாகக் காய்ந்து விழும்வரை விடலாம். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் குழைக்க அதைப் பாவிக்காதீர்கள்.

கூரை

தச்சரான ஓடாவியோடு சேர்ந்து ஒவ்வொரு கைமரத்தின் அடி முனையையும் சுவர் வளையையும் ஊசி உளியால் குத்திப் பாருங்கள். நடுவில் முதிரையும் பாலையும் இரும்பு போல இருக்கும். முனையில், சுவருக்குள் புதைந்த இடத்தில்தான் உழுத்தும் கறையானும். முனை கெட்டதற்காக முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்டதை வெட்டி, மரத்தின் உயரத்தைப் போல நாலு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சேர்த்து, துருப்பிடிக்காத உருக்குப் போல்ட் இரண்டு போடலாம். கடற்கரை மடங்களில் சாதாரண இரும்பு ஆணி துருவேறி வீங்கி மரத்தைப் பிளக்கும்.

கள்ளிக்கோட்டை ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 150 வேண்டும். கழற்றும்போது பத்தில் ஒன்று உடையும் என்று கணக்கு வையுங்கள். நல்ல பழைய ஓட்டை வீதி தெரியும் பக்கத்திலும், புதியதைப் பின்பக்கத்திலும் போடுங்கள். இரண்டையும் கலந்து போட்டால் அளவு பொருந்தாமல் ஒழுகும். அஸ்பெஸ்டஸ் சீற்றை எடுப்பதானால் நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்குங்கள். உடைக்கவும் வேண்டாம், வாளால் அறுக்கவும் வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்கு ஆபத்து.

சாந்து

முதலில் பழைய சாந்தில் என்ன மணல் போட்டார்கள் என்று பாருங்கள். ஒரு சிரட்டை அளவு கட்டியை உடைத்து, வினாகிரியில் போட்டு, பொங்குவது நிற்கும்வரை சில நாட்கள் வினாகிரியை மாற்றிக் கொண்டிருங்கள். சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அதைக் கழுவிக் காயவைத்தால் பருமனும் நிறமும் தெரியும். ஒரு எச்சரிக்கை: கரையோரத்துப் பழைய சாந்தில் சிப்பித் துண்டும் முருகைக்கல் துண்டும் இருக்கும். அவையும் கரைந்துவிடும். ஆகையால் இந்தச் சோதனையை மணலைப் பொருத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கலவை விகிதம் கணிக்க உதவாது.

அந்தக் காலத்தில் முருகைக்கல்லைச் சுட்டார்கள். இன்று கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது குற்றம். சுட்ட சுண்ணக்கல் வாங்குங்கள். டொலமைட் கலந்த சுண்ணாம்பு நீற அதிக நாள் எடுக்கும்; நீறாமல் மிஞ்சிய துகள் சுவரில் ஏறிய பிறகு நீறி, சாந்தில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாகப் பெயர்க்கும். கடைச் சுண்ணாம்பு எந்த வகை என்று தெரியாவிட்டால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஊறவிடுவதே பாதுகாப்பு.

நீற்றும்போது தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. ஒருபோதும் மாறிச் செய்யக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். சுண்ணாம்பின் அளவைப் போல மூன்று மடங்கு தண்ணீர். ஆறியதும் கொசுவலை போன்ற கம்பி வலையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள்.

கலவை, இப்படி ஊறிய சுண்ணாம்புக் களி ஒன்றுக்கு மணல் மூன்று. கழுவிய ஆற்று மணல். கடல் மணல் ஒரு கைப்பிடியும் வேண்டாம். நூறு சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில் ஐந்து கன அடி மணலும் ஒன்றே முக்கால் கன அடி களியும் பிடிக்கும். அதற்கு 20 முதல் 25 கிலோ சுட்ட சுண்ணாம்பு போதும். மழைச் சாரல் அடிக்கும் வெளிச் சுவரின் அடியில் மணலில் ஒரு பங்குக்குப் பதிலாக நாட்டுச் செங்கல் தூள் சேர்க்கலாம். முற்றச் சுட்ட கறுத்த கல்லின் தூள் வேலை செய்யாது. புதிதாகத் தண்ணீர் விட்டு இளக்காமல், உலக்கையால் இடித்து இடித்து இளக்குங்கள். தண்ணீர் கூடினால் காயும்போது வெடிக்கும்.

சுவரை முதல்நாள் பின்னேரமும் பூசும் காலையும் நனையுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலை வரும்வரை, ஏறக்குறைய பத்து நாள், அடுத்த பூச்சுக்குப் போகாதீர்கள். அதுவரை ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் கல்லாகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் உள்ளே இறங்கும். அதற்கு ஈரமும் வேண்டும். வெள்ளையடிப்பு பால் போல மெல்லியதாக ஐந்து தடவை. கெட்டியாக இரண்டு தடவை அடித்தால் உரியும். பூச்சுக்கு உப்புப் போடும் பழக்கம் கரையோரத்துக்கு ஆகாது, அது ஈரத்தை இழுக்கும்.

வேலை முடிந்த கிழமையே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்தச் சுவர், எந்தத் திகதி, சுண்ணாம்பு எங்கே வாங்கியது, எந்த ஆற்று மணல், எந்த விகிதம், எந்த மேசன். வரைபடங்களையும் உறுதிப் படங்களையும் அதோடு சேர்த்து மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வண்ணக்கரிடம், ஒன்று பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம், ஒன்று வெள்ளம் ஏறாத மேட்டு வீடு ஒன்றில். மடத்துப் பெட்டகத்தில் மட்டும் வைக்காதீர்கள்; கறையான் அங்கேதான் முதலில் வரும்.